வெள்ளைச் சோறும் நாயின் வயிறும்

பத்து காஜா என்னும் பெயருக்கு மலாய் மொழியில் யானைக்கல் என்பது பொருள். யானையின் பெயரைத் தாங்கிய ஊரை முன்னிட்டு நாம் நாயைப் பற்றி எழுதப் புகுவது நேயர்கள் சிலருக்கு நகைப்பைத் தரலாம். அதுவும் நாயின் வீரத்தையோ நன்றியையோ பற்றியல்ல. நாயின் சோற்றைப் பற்றி. இலையில் மிஞ்சியதைக் கொட்டினால் தின்றுவிட்டு வாலாட்டிப் போகிற பிராணியின் உணவுக்குச் சரித்திரமும் ஒரு கேடா என்று கேட்பாரும் இருப்பர். சரித்திரம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி இந்த மலாயா மண்ணிலேயே, நம்மவர் உண்ட அரிசியையும் சாட்சியாக வைத்தே எழுதப்பட்டது. ஆகலின் தோட்டத்து நேயர்களும் பட்டணத்து நேயர்களும் இதனைச் சிறிது பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் வழக்கத்தைக் காண்போம். பத்து காஜாவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர்த் தோட்டங்களிலும், கடைத்தெருவை ஒட்டிய வீடுகளிலும், ஈப்போ செல்லும் சாலையோரங்களிலும் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அந்த நாய்க்குக் கிடைப்பது யாது? பகலுணவு முடிந்தபின் பானையில் ஒட்டிக் கிடக்கும் வெள்ளைச் சோறு. அதன்மேல் மீன் குழம்போ கோழிக் குழம்போ ஒரு கரண்டி. அதிர்ஷ்டம் இருந்தால் நாலு எலும்பு. இது போதாதா, நாமும் அதே சோற்றைத்தானே உண்கிறோம், நமக்கு என்ன வந்துவிட்டது என்பர். நாம் சோற்றோடு பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் மோரும் கொள்கிறோம். நாய்க்கு வருவது அவையெல்லாம் கழிந்த மிச்சம். ஒரே பானையிலிருந்து வந்தாலும் இரண்டும் ஒரே உணவு அல்ல. இந்த வேற்றுமையை உலகம் அறிந்துகொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் எத்தனையோ நாய்களும் கோழிகளும் மடிந்தன, மனிதரும் மடிந்தனர்.

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்திலே பிரான்சுவா மாஜந்தி என்ற உடலியல் அறிஞர் ஒரு நாய்க்குச் சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் தவிர வேறொன்றும் கொடாமல் வைத்துப் பார்த்தார். முதலில் நாய் குதூகலமாகவே இருந்தது. பின்னர் இளைத்தது. அதன்பின் கண்ணின் கருவிழியில் புண் உண்டாயிற்று. ஒரு மாதம் கடந்த சில நாள்களில் அது செத்தது. ஒலிவ எண்ணெய் கொடுத்த நாயும், வெண்ணெய் கொடுத்த நாயும், பிசின் கொடுத்த நாயும் அதே வழியிற் சென்றன. வயிறு நிரம்புவது வேறு, உடம்பு வாழ்வது வேறு என்பதனை நாயின் உயிரைக் கொண்டு உலகத்துக்குக் காட்டிய முதற் சோதனைகளுள் இது ஒன்று. மாஜந்தி இரக்கமற்றவர் என்று பெயரெடுத்தவர். 1824இல் இலண்டனில் அவர் உயிருள்ள நாய்களை அறுத்துக் காட்டியபோது அந்நாட்டினரே கொதித்தெழுந்தனர். அப்பெயருக்கு அவர் தகுதியானவரே என்பது நம் கருத்து. எனினும் அவர் தம் உடலியல் நூலில் எழுதிவைத்த ஒரு செய்தியை நாம் தள்ளிவிட இயலாது. தூய வெள்ளைக் கோதுமை ரொட்டியும் நீரும் மட்டும் பெற்ற நாய் ஐம்பது நாளுக்குமேல் வாழவில்லை. தவிடு நீக்காத முரட்டு ரொட்டியை, அஃதாவது படைவீரர்க்கு அளந்த ரொட்டியை உண்ட நாயோ நலமாக வாழ்ந்தது. காரணம் அவருக்குத் தெரியாது. வெள்ளையில் ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்தக் குறை எதுவென்பது கிழக்குத் தேசங்களிற் பெரும் வினாவாக எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிந்தாவின் ஈயத்தை நாடிச் சீனத் தொழிலாளர் ஆயிரம் ஆயிரமாக வந்து குவிந்தனர். பத்து காஜா கிந்தா மாவட்டத்தின் ஆட்சித் தலைமையூர் ஆயிற்று. சங்காட் மேட்டில் வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்கள் எழுந்தன. கீழே லம்பத்துச் சேற்றில் கூலிகள் இடுப்பளவு நீரில் நின்றனர். அக்கூலிகள் உண்டது சீயத்திலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டித் தீட்டி முத்துப்போல் வெளுத்த அரிசி. அவர்களைப் பிடித்த நோயின் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், சிலருக்கு வீங்கும், நடை தள்ளாடும், பின்னர் நெஞ்சு படபடத்து ஒருநாள் நின்றுவிடும். மலாய் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அக்காலத்தில் இந்நோயாளிகள் நிறைந்து கிடந்தனர். மண்ணின் விஷம் என்றனர் சிலர். காற்றின் விஷம் என்றனர் சிலர். கிருமி என்றனர் மற்றும் சிலர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டதற்கு இந்நோயும் ஒரு காரணம்.

விடையின் முதல் கீற்று வந்தது மனிதரிடமிருந்தன்று, மிஞ்சிய சோறு தின்ற கோழிகளிடமிருந்து. ஜாவாத் தீவின் பத்தாவியாவில் டச்சுப் படையின் ஆஸ்பத்திரியை அடுத்து எய்க்மன் என்ற வைத்தியர் தம் ஆய்வுக்காகக் கோழிகளை வளர்த்து வந்தார். ஒரு சமயம் அக்கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. நோய் நீங்கிய வகையே வேடிக்கையானது. அதுவரை ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தனர். புதிதாக வந்த சமையற்காரர், படைவீரருக்குரிய சோற்றைப் படையில் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி வாங்கிப் போடவேண்டியதாயிற்று. அவை எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு, பல பண்டிதரின் புத்தகங்கள் செய்யாததைச் செய்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அதன்பின் வேலை மலாயாவுக்கு வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் ஒரு விஷயத்தைக் கூர்ந்து நோக்கினார். ஒரே நாட்டில், ஒரே மழையில், ஒரே கொசுக்கடியில் மூன்று இனத்தார் வாழ்கின்றனர். சீனர் பெரிபெரியால் மடிகின்றனர். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே அவ்வப்போது குற்றி உண்கின்றனர்; நோய் அவர்களை அவ்வளவாக அணுகுவதில்லை. தமிழரையும் அணுகுவதில்லை. தமிழர் உண்பது என்ன? இந்தியாவிலிருந்து வரும் புழுங்கலரிசி. 1907இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுவே. கெட்ட அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணியது தவறு. நோயின் இருப்பிடம் அரிசி என்று சுட்டியது சரி.

கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் 1905, 1906ஆம் ஆண்டுகளில் பிளெட்சர் என்ற வைத்தியர் இதனைச் சோதித்தார். நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீயத்து வெள்ளை அரிசியும் மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். இடத்தின் குற்றமாயிருக்குமோ என்று நடுவில் இருவரையும் கட்டிடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. அந்தப் பதினெண்மரும் தம்மைச் சோதிக்கின்றனர் என்று அறியாதவர். அறியும் நிலையிலும் இல்லாதவர். அறிவு வளர்ந்த கதையைச் சொல்லும்போது அவர்களை விழுங்கிவிட்டுச் சொல்ல நமக்கு மனமில்லை. அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடையே அதே சோதனையைச் செய்து, 1909இல் முடிவை உறுதிப்படுத்தினர். தீட்டும்போது உதிர்கிற தவிட்டிலும் முளையிலும்தான் உயிர் காக்கும் பொருள் இருக்கிறது. மறு ஆண்டு மணிலாவிற் கூடிய வைத்தியர் மாநாடு, ஓயாமல் வெள்ளை அரிசியையே உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானித்தது.

அந்தப் பொருளைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1936இல் கண்டுபிடித்த அமெரிக்கரான வில்லியம்ஸ், அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பதை இடையே சொல்லி வைப்போம். அதன் பெயர் தயமின். உயிர்ச்சத்து பி1 என்றும் சொல்வர்.

புழுங்கலரிசியின் இரகசியம் யாது? நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உட்புறம் ஊறிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நீலகிரிக் குன்னூரில் மக்காரிசனும் அவருக்குப்பின் ஆய்க்ராய்டும் தலைமை தாங்கிய உணவு ஆராய்ச்சிச் சாலையில் இவை விரிவாக ஆராயப்பட்டன. அச்சாலை 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. தமிழ் மாவட்டங்கள் பெரிபெரிக்குத் தப்பியதும், பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் மாவட்டங்கள் அதற்கு இரையானதும் இதனாலேயே. நெல் அவித்த நம் பாட்டிமார் எந்தக் கலாசாலையிலும் வைத்தியம் படித்தவரல்லர். ஆனால் அதற்காக, முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தனர் என்று பெருமை பேசவும் நாம் உடன்படோம். அவித்த நெல் குற்றும்போது நொறுங்காது, பூச்சி எளிதில் பற்றாது என்பதே அவர்கள் கண்ட பயன். சத்து நிலைத்தது நம் அதிர்ஷ்டம். அது அறிவாயிருந்திருந்தால், மலாயாவுக்கு வந்து நாலு காசு கண்டதும் புழுங்கலரிசியை ஏழைச்சோறு என்று இகழ்ந்து வெள்ளை அரிசிக்குத் தாவியிருப்போமா?

தாவினோம். இருந்தும் பெரிபெரி நம்மைப் பிடிக்காததற்குக் காரணம், அரிசியோடு மற்றவையும் நம் இலைக்கு வந்தமையே. மற்றவை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1942 முதல் 1945 வரை நம்மவர் கண்டனர். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சீயம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளரைக் காலராவும் மலேரியாவும் வயிற்றளைச்சலும் கொன்றன. வெறுஞ்சோற்றால் வந்த பெரிபெரியும் கொன்றது. மனிதருக்கு அது போர்க்காலத்துக் கொடுமை. நம் வீட்டுப் பின்புறத்து நாய்க்கோ அது அன்றாடச் சாப்பாடு. இதுதான் நாம் சொல்ல வந்தது.

இனி நாயை மட்டும் நோக்குவோம். முதல் உலகப் போர்க்காலத்தில் இலண்டனில் எட்வர்டு மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி முதலிய மாவுணவைக் கொடுத்து வளர்த்தார். குட்டிகளின் கால் வில்போல் வளைந்தது, எலும்பு முற்றவில்லை. ரிக்கெட்ஸ் என்று ஆங்கில ஏழைக் குழந்தைகளை வாட்டிய அதே நோய். மீனெண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு அது வரவில்லை. 1919இல் அவர் இதனை வெளியிட்டார். பின்னர் அச்சத்துக்கு உயிர்ச்சத்து டி என்று பெயர் வந்தது. மனிதன் வெயிலில் நின்றால் தன் தோலிலேயே இச்சத்தை ஆக்கிக்கொள்வான். நாயின் தோல் அதனைப் போதுமான அளவு ஆக்குவதில்லை. ஆகவே நம் நாட்டு வெயிலில் நாளெல்லாம் புரண்டாலும் நாய்க்கு அது உணவிலிருந்தே வரவேண்டும்: மீன், ஈரல், முட்டை மஞ்சட்கரு.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சோள மாவையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற தோல்நோய் கண்டு, பலர் புத்தி பேதலித்து இறந்தனர். அதே வீடுகளின் நாய்களுக்கு நாக்குக் கறுத்தது. இரண்டும் ஒரே நோய் என்று கண்டுகொண்டு, கோல்ட்பெர்கர் நாய்களை வைத்து ஆராய்ந்தார். 1937இல் எல்விஹெம் நிக்கோட்டினிக் அமிலத்தைக் கொடுத்துக் கறுநாக்கு நாயைக் குணப்படுத்தினார். அந்த மருந்து விரைவில் மனிதரையும் காத்தது. ஏழையின் நாய் ஏழையின் பஞ்சத்தையே உண்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவது செய்தி மேலும் வியப்பானது. இங்கிலாந்தில் நாய்கள் திடீரென்று வெறிகொண்டு ஊளையிட்டு ஓடிச் சுவரில் மோதி விழும் ஒரு நோய் பரவியிருந்தது. புழு என்றனர், தொற்று என்றனர். மெல்லன்பியே 1946இல் காரணத்தைக் கண்டார். நாய் ரொட்டிக்கும் மனிதர் ரொட்டிக்கும் பயன்பட்ட கோதுமை மாவை வெளுப்பதற்காக ஆலைக்காரர் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வாயுவைச் செலுத்தி வந்தனர். வெளுத்த மாவே நாய்க்குப் பைத்தியம் பிடிக்கச் செய்தது. கோடிக்கணக்கான மக்கள் அதே மாவை உண்டுகொண்டிருந்தனர். நாய் காட்டிக்கொடுத்த பிறகே அமெரிக்காவில் 1949இலும், பிரிட்டனில் 1955இன் முடிவிலும் அவ்வழக்கம் நின்றது. வெள்ளை என்றால் தூய்மை, வெள்ளை என்றால் உயர்வு என்று அரிசியிலும் மாவிலும், ஏன், மனிதர் தோலிலும் நாம் கொண்ட மயக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன வாயில்லாப் பிராணி இது.

அப்படியானால் பழுப்பு அரிசியைப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. சோறு எதுவாயினும் நாய்க்கு அது துணையுணவு. அதே சமயம், நாய் ஓநாயின் வழிவந்தது, அதற்கு இறைச்சி தவிர எதுவும் ஆகாது என்று இன்று சிலர் மேடைபோட்டுப் பேசுவதும் அரைகுறை. ஓநாயிடம் மாச்சத்தைச் சீரணிக்கும் மரபணு இரண்டு பிரதிகளே உண்டு. நாயிடம் 4 முதல் 30 வரை உண்டு என்று 2013இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதனின் அடுப்படியில் ஆயிரமாயிரம் ஆண்டு கிடந்து நாய் சோறுண்ணக் கற்றுக்கொண்டது. இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தென்பாண்டி நாட்டார் கம்பங்கூழும் கேழ்வரகும் பாலும் ஊற்றி வளர்த்தனர். வேட்டையில் அகப்பட்ட முயலில் அவற்றுக்கும் பங்கு இருந்தது. கம்பும் கேழ்வரகும் தவிட்டோடு அரைபடுபவை. அரிசியில் 100 கிராமுக்குச் சுண்ணச்சத்து 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகில் முந்நூற்றுக்கு மேல்.

இறைச்சி மட்டும் போட்டாலும் கேடுண்டு. தோட்ட வாழ்க்கையை அறிந்தவர் துரை பங்களா நாய்க்கும் லயத்து நாய்க்கும் இருந்த வேற்றுமையை அறிவர். பால்வெட்டுக்காரரின் பிள்ளை இறைச்சியைத் தீபாவளியில் காணும்; பங்களா நாய் நாள்தோறும் காணும். அந்த நினைவு இன்றும் நம்மவர் உள்ளத்தில் கசக்கிறது, கசப்பது நியாயமே. ஆனால் அதிலிருந்து, கறி வாங்கிப் போடுவதே நாய்க்கு ராஜ உபசாரம் என்ற முடிவுக்கு வருதல் பிழை. வெறும் தசையில் எரியச்சத்தாகிய பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்து மிகக் குறைவு. ஏறத்தாழ பதினைந்து இருபதுக்கு ஒன்று. நாய்க்கு வேண்டுவது எரியச்சத்து ஒரு பங்குக்குச் சுண்ணம் ஒன்று முதல் இரண்டு பங்கு. அது குறைந்தால் உடம்பு தன் எலும்பையே அரித்துச் சுண்ணத்தை எடுத்துக்கொள்ளும். கறி மட்டும் தின்னும் குட்டி கொழுகொழுவென்று இருந்தே கால் முறியும்.

கடையிற் பையிலிட்டு விற்கும் நாயுணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1860ஆம் ஆண்டை ஒட்டி ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இலண்டனுக்கு இடிதாங்கி விற்க வந்தார். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த காய்ந்த ரொட்டியை நாய்கள் போட்டியிட்டுத் தின்றதைக் கண்டு, கோதுமையும் பீட்ரூட்டும் இறைச்சியும் கலந்த நாய் ரொட்டியைச் செய்து பணம் குவித்தார். இங்கும் தொடக்கம் எறிந்த மிச்சமே என்பது காண்க. இன்று முழுச்சத்துணவு என்று அச்சிட்ட பைகள் பெரும்பாலும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. உலர்ந்த எடையில் வளர்ந்த நாய்க்கு நூற்றுக்கு 18 பங்கும், குட்டிக்கு 22½ பங்கும் புரதம் இருக்கவேண்டும் என்ற அமெரிக்க விதியைப் பின்பற்றுபவை பல. வாங்க வசதியுள்ளவர் வாங்கலாம், இகழ்வதற்கில்லை. வீட்டில் சமைப்பதே உயர்ந்தது என்பாரும் அவசரப்படவேண்டாம். புத்தகங்களிலும் பிறவிடங்களிலும் வந்த 200 சமையல் குறிப்புகளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2013இல் ஆராய்ந்ததில், நூற்றுக்கு 95இல் ஏதேனும் ஒரு சத்துக் குறைந்தே இருந்தது. ஆனால் "தானியமற்றது" என்று தலைப்பிட்டு இருமடங்கு விலைக்கு வரும் பைகளைக் கண்டு மயங்கவேண்டா. அத்தகைய உணவுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்புண்டோ என்று அமெரிக்க அரசாங்கமே 2018இல் விசாரணை தொடங்கிற்று. தொடர்பு நிலைநாட்டப்படவில்லை, உயர்வும் நிலைநாட்டப்படவில்லை.

நிற்க. கோவிலில் பைரவர் பக்கத்தில் நிற்கும் கல்நாய்க்கு வடைமாலை சாத்துவோர் நம்மிடையே உண்டு. வாசலில் விலா எலும்பு தெரிய நிற்கும் நாய் அதே வடையைக் கேட்டால் கல்லெடுப்பர். வடை எந்த நாய்க்கும் ஆகாது என்பதால் இதனை இவ்வளவோடு விடுகிறோம்.

குழம்பைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல் கூறவேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும். உடலெடை ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தைக் கெடுக்கப் போதும். வெந்தாலும் நஞ்சு போகாது. பத்து கிலோ நாய்க்கு அது இரண்டு வெங்காயம். நம் குழம்பில் அது கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. உப்பும் மிளகாயும் வேறு. சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. வெந்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை மீனை அப்படியே எறிவதும் தவறு. 1932இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகள் கால் விழுந்து மடிந்தன. மீன் சிலவற்றின் குடலில் தயமினைச் சிதைக்கும் பொருள் உண்டென்று பின்னர் தெரியவந்தது. நரிக்கு நேர்ந்தது கிந்தாக் கூலிக்கு நேர்ந்ததே. மீனை வேகவைத்தால் அப்பொருள் அழியும்.

இனி ஏழைக் குடும்பம் செய்யக்கூடியது. பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 முதல் 700 கலோரி வேண்டும். நமக்குச் சமைக்குமுன் அதன் பங்கை உப்பும் வெங்காயமும் சேராமல் ஒதுக்கிக்கொள்வதே முதற்படி. சோறு ஒரு பங்கு, புழுங்கலரிசியானால் நன்று. அதற்குச் சமமாக வெந்த கோழியோ மீனோ முட்டையோ. வாரத்தில் சில நாள் சிறிது ஈரல். நாள்தோறும் வேண்டா, உயிர்ச்சத்து ஏ மிகையானாலும் நோய்தான். ஒரு பிடி வெந்த பூசணியோ கேரட்டோ. உயிர்ச்சத்து சி நாய் தன் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ளும். எலுமிச்சம்பழம் பிழியவேண்டிய அவசியமில்லை. துத்தநாகமும் அயோடினும் இத்தகைய உணவில் குறைவது வழக்கம். ஆகவே இடையிடையே கணக்கிட்டுச் செய்த பையுணவைக் கொஞ்சம் சேர்ப்பதும், ஈப்போவிலோ பத்து காஜாவிலோ கால்நடை வைத்தியரை ஆண்டுக்கு ஒருமுறை கேட்பதும் தகும். குட்டிக்கு நாளில் மூன்று நான்கு வேளை, வளர்ந்ததற்கு இரண்டு. பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றவேண்டும். இல்லையேல் வயிறு போகும்.

சுண்ணத்துக்கு வழி முட்டையோடு. ஒரு பெரிய முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணம் இருக்கிறது. கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, அடுப்பனலில் நன்கு உலர்த்தி, அம்மியிலோ உரலிலோ மாவாகும்வரை பொடிக்கவேண்டும். நறநறவென்று கையில் தட்டுப்படக்கூடாது. அதனை மூடியுள்ள போத்தலில் இட்டு வைத்துக்கொண்டு, பத்து கிலோ நாயின் சோற்றில் நாளுக்குக் கால் தேக்கரண்டி தூவிக் கலந்துவிடலாம்.